கடைசி கச்சேரி: ஃபேன் பிட்டா, ஜெனரலா? காது, முட்டி, மழை எல்லாத்துக்கும் யோசனை வேணும்

ஆறுதந்தி கேட்டது:

எந்த பாண்டுன்னு சொல்லத் தேவையில்லை, இங்கே பாதிப் பேர் அதே கச்சேரிக்குத்தான் போறீங்க. டிசம்பர் இரண்டாம் சனி, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். கேட் 4 மணிக்கு. ரெண்டு சின்ன பாண்ட் முடிச்சதும் நம்ம ஆளுங்க. இதோட பாண்டையே கலைக்கிறாங்க, அதனால "அடுத்த தடவை பார்த்துக்கலாம்"ங்கிற பேச்சே இல்லை.

டிக்கெட் இன்னும் எடுக்கலை. மேடையை ஒட்டி நிக்கிற ஃபேன் பிட் விலை, அதுக்குப் பின்னாடி நிக்கிற ஜெனரலைப் போல ரெண்டு மடங்கு. எனக்கு 46 வயசு, வலது முட்டியில தேய்மானம். கூட 12 வயசுப் பொண்ணு வர்றா, அவளுக்கு இதுதான் முதல் ராக் கச்சேரி. நான் கேட்கிறது இதுதான்:

சத்தம் எங்கே நின்னா நல்லா இருக்கும்? ரெண்டு பேர் காதுக்கும் என்ன பண்ணணும்? நாலைஞ்சு பாட்டாவது உருப்படியா ரெக்கார்ட் பண்ண முடியுமா? முடிஞ்சதும் குரோம்பேட்டைக்கு எப்படிப் போறது? அனுபவக் கதை வேண்டாம்ங்க, செய்முறை சொல்லுங்க.

ஃபேடர்மேலே:

முதல்ல ஒரு வேலை. டிக்கெட் விற்கிற இடத்துல மைதானத்தோட வரைபடம் போட்டிருப்பாங்க. அதுல மேடைக்கு நேர் எதிரே சின்னதா ஒரு கட்டம் இருக்கும். அதுதான் கன்சோல், மிக்ஸர் வைக்கிற கூடாரம். இந்த அளவு மைதானத்துல மேடையிலிருந்து சுமார் 25–35 மீட்டர் தூரத்துல இருக்கும். அந்தக் கட்டம் ஃபேன் பிட்டுக்குள்ள விழுதா, ஜெனரல் பக்கம் விழுதான்னு பாருங்க. எந்த டிக்கெட் எடுக்கணும்ங்கிறது அதுலேயே முடிவாயிடும்.

காரணம் இதுதான். சவுண்ட்காரர் தன் காதுக்கு எது சரியா விழுதோ அதைத்தான் கலக்குறார். அவர் உட்கார்ந்திருக்கிற இடத்துல பாட்டு, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் எந்த அளவுல இருக்கோ அதுதான் அந்த ராத்திரியோட "சரியான" சத்தம். மத்த இடமெல்லாம் அதோட நகல்தான்.

முன்வரிசைக்காரங்க நம்பாத விஷயம் ஒண்ணு சொல்றேன். மேடைக்கு ரெண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி தொங்குற பாக்ஸ் வரிசை முன்வரிசை தலைக்கு மேலே போய்த்தான் விழும். முன்னாடி நிக்கிறவங்களுக்காக மேடை விளிம்புல தனியா நாலைஞ்சு சின்ன பாக்ஸ் வைப்பாங்க, குரல் அதுலேருந்துதான் வரும். அதே சமயம் கிட்டார் ஆம்ப் (கிட்டாரோட சொந்த ஒலிபெருக்கிப் பெட்டி) நேரா முகத்துல அடிக்கும், ஸ்னேர் டிரம் சத்தம் தோலிலிருந்தே நேரா வரும். குரல் அமுங்கிப் போயிடும். இப்போ நிறைய பாண்ட் மேடையில ஆம்ப்பே வைக்கிறதில்லை, ஆம்ப் சத்தத்தை ஒரு சின்னப் பெட்டியே போலி பண்ணும், வாசிக்கிறவங்க தங்களோட சத்தத்தைக் காதுக்குள்ள வைக்கிற இயர்ஃபோன்லதான் கேட்பாங்க. அப்படின்னா முன்னாடி நிக்கிறவங்களுக்குக் கிட்டாரும் சரியா கேட்காது, டிரம்ஸ் மட்டும் மிஞ்சும். முன்வரிசைங்கிறது பார்க்கிறதுக்கான இடம். கேட்கிறதுக்கு இல்லை.

பேஸ் பத்தியும் ஒரு வார்த்தை. இடது வலது ரெண்டு பக்கத்து சப்பும் (பேஸுக்கான தனிப் பெட்டி) ஒரே தூரத்துல இருக்கிற நடுக்கோட்டுல பேஸ் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ஊதிப் போகும். நடுவிலிருந்து நாலஞ்சு அடி தள்ளுங்க, நெஞ்சுல குத்துறது குறைஞ்சு பேஸ் கிட்டாரோட சுரம் தெரிய ஆரம்பிக்கும். ரொம்ப ஓரம் போனா ஒரு பக்கத்துக் கிட்டார்தான் தூக்கலா கேட்கும். நம்ம பாண்டுல ரெண்டு கிட்டார், அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

முட்டி வலிக்குன்னு சொன்னீங்க, அதனால இது உங்களுக்காக. கன்சோலைச் சுத்தி இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தடுப்பு இருக்கும். அதுக்குப் பின்னாடி நிக்காதீங்க, கூடாரத்துக் காலும் சவுண்ட்காரர் தலையும் மறைக்கும். முன்பக்கத் தடுப்புல முதுகை சாய்ச்சு மேடையைப் பார்த்து நில்லுங்க. சாய ஒரு கம்பி கிடைச்சது, பின்னாலிருந்து தள்ள ஆளே கிடையாது, சத்தம் அவருக்குக் கேட்கிற அதே சத்தம். உட்கார இடமில்லாத மைதானத்துல இதைவிட நல்ல இடம் கிடையாது. முன்வரிசைக்கு ரெண்டு மணிக்கே வரிசை கட்டுவாங்க. இந்தக் கம்பிக்கு நாலரை மணிக்கு உள்ளே நுழைஞ்சாப் போதும்.

மார்கழிமெட்டல்:

கடைசி கச்சேரின்னு கண்ணைக் கசக்குறதுக்கு முன்னாடி: ஸ்கார்பியன்ஸ் 2010-லேயே விடைபெறுறோம்னு அறிவிச்சாங்க, அதுக்கப்புறமும் ஊர் ஊராப் போயிட்டுத்தான் இருக்காங்க. மோட்லி க்ரூ 2014-ல பத்திரிகைக்காரங்க முன்னாடி "இனி சுற்றுப்பயணம் கிடையாது"ன்னு ஒப்பந்தத்துல கையெழுத்தே போட்டாங்க. 2015 டிசம்பர் 31-ல முடிச்சு, 2019-ல திரும்பி வர்றோம்னாங்க. கிஸ் 2000-லேயே ஒரு ஃபேர்வெல் டூர் போனாங்க, நிஜமா முடிச்சது 2023 டிசம்பர்ல நியூயார்க்ல. 😀

ஃபேடர்மேலே:

அதையும் சொல்லுங்க, பிளாக் சப்பாத்தையும் சொல்லுங்க. 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க்ல அவங்க கடைசிக் கச்சேரி. பழைய டிரம்மர் பில் வார்ட் திரும்பி வந்தார், பாடகர் ஓஸி நிக்க முடியாம சிம்மாசனத்துல உட்கார்ந்துதான் பாடினார். 17 நாள் கழிச்சு, ஜூலை 22-ல ஓஸி போயிட்டார். எது நிஜக் கடைசின்னு அன்னைக்கு ராத்திரி யாருக்கும் தெரியாது. ஆறுதந்தி அண்ணே, நீங்க டிக்கெட் எடுங்க.

செவிப்பறை:

காது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு எளிமையானது. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். ராக் கச்சேரியில் 100 என்பது சாதாரணம். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வரையறையும் 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. உங்கள் கச்சேரியோ முன்வரும் பாண்டுகளையும் சேர்த்தால் நாலு மணி நேரத்தைத் தொடும்.

பஞ்சு வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். போதாது, பஞ்சு தடுப்பது மிகச் சொற்பம். மருந்துக் கடையிலும் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையிலும் கிடைக்கும் நுரை பிளக், ஒழுங்காகப் போட்டால், நடைமுறையில் 15 டெசிபலாவது குறைக்கும். 100-ல் 15 போனால் 85. அதாவது 15 நிமிட அனுமதி 8 மணி நேரமாகிறது. இந்த ஒரு கழித்தலுக்காகத்தான் பிளக்.

போடும் முறையில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கையைக் கழுவிவிட்டு நுரையை மடிப்பு விழாமல் ஊதுபத்தி போல மெல்லியதாக உருட்டுங்கள். வலது காதில் போட, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். காதின் வழி நேராகும். பிளக்கை உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 விநாடி விரல் நுனியால் அழுத்தி வையுங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் சொந்தக் குரல் அண்டாவுக்குள் பேசுவது போலக் கேட்கும். இன்னொரு சோதனை: இரு உள்ளங்கையாலும் காதை மூடித் திறந்து பாருங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிளக் வெளியே நிற்கிறது என்று அர்த்தம், மறுபடி உருட்டிப் போடுங்கள்.

நுரையின் குறை, சிம்பல், கிட்டார் போன்ற மேல் ஸ்தாயிச் சத்தத்தை அதிகமாகவும் பேஸை குறைவாகவும் வெட்டுவது. போர்வைக்குள் கேட்பது போல இருக்கும். இது பிடிக்காதவர்களுக்கு இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் வைத்த பிளக் இருக்கிறது. எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். விலை கூட, ஆனால் கழுவிக் கழுவிப் பல வருடம் போடலாம். நல்ல இடம் தேடி இவ்வளவு யோசிப்பவருக்கு இதுதான் பொருத்தம்.

மகளுக்கு: 12 வயதில் காதுத் துளை சிறியதாக இருக்கலாம், பெரியவர்களுக்கான நுரை முழுக்க உள்ளே போகாமல் பிதுங்கி வந்துவிடும். சிறிய அளவு பிளக் வாங்கி ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். ஒத்துவராவிட்டால் காதை மூடும் இயர்மஃப். ஆனால் தோடு, கண்ணாடிக் காம்பு, முடி எதுவும் விளிம்புக்கு அடியில் சிக்கக்கூடாது. சிக்கினால் அந்த இடைவெளி வழியே சத்தம் உள்ளே போகும்.

கடைசியாக: முதல் பாண்ட் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். "இந்த ஒரு பாட்டு மட்டும்" என்று கழற்றாதீர்கள். மூன்று பாட்டுக்குக் கழற்றினால் அன்றைய 15 நிமிடம் முடிந்தது. மறுநாள் காதில் "ங்ஙொய்" என்ற ரீங்காரம் இருந்தால் ஒன்றிரண்டு நாள் ஹெட்ஃபோன் வேண்டாம். ஆனால் ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமாகி, தூங்கி எழுந்தும் திறக்கவில்லை என்றால் அழுக்கு அடைப்பு என்று நினைத்து எண்ணெய் விடாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதற்கான மருந்து ஆரம்ப நாட்களில் கொடுத்தால்தான் வேலை செய்யும்.

கடைசிவண்டி:

நேரக் கணக்கைப் பிடிங்க, மீதி எல்லாம் அதுக்குப் பின்னாலதான். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி திறந்தவெளியில ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கலாசார, மத விழாக்களுக்கு அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துல 15 நாளுக்கு மேல கிடையாது. அந்த அனுமதியை நம்பிக் கணக்குப் போடாதீங்க. கச்சேரி 10 மணிக்கு முடியும்னே வைங்க. தாமதமா ஆரம்பிச்சா பின்னாடி நீட்ட முடியாது, பட்டியலோட வாலை வெட்டுவாங்க. கடைசி கச்சேரிக்கு வால்லதான் முக்கியமான பாட்டெல்லாம் இருக்கும். அதனால 9:50-க்கு "கூட்டத்துக்கு முன்னாடி கிளம்பிடுவோம்"னு நகராதீங்க.

வீட்டுக்கு: நந்தனம் மெட்ரோவுல வாசல்லேயே கூட்டம் அடைக்கும். நீங்க அங்கே நிக்காம அண்ணா சாலையிலேயே தெற்கே சைதாப்பேட்டை மெட்ரோவுக்கு நடங்க, ஒரு கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஏறி கிண்டியில இறங்கி மின்சார ரயில் பிடிக்கலாம். இல்லேன்னா விமான நிலையம் வரை போய் எதிர்ல திரிசூலம் ஸ்டேஷன். ரெண்டுமே தாம்பரம் வண்டி, பல்லாவரம் தாண்டினா குரோம்பேட்டை. மெட்ரோ முனையங்கள்ல கடைசி வண்டி 11 மணிக்குக் கிளம்பும், மின்சார ரயிலோட நேரத்தையும் அன்னைக்குக் காலையில ஒரு தடவை பார்த்துடுங்க. முட்டி ஒத்துக்கலைன்னா நந்தனத்துலேயே ஏறுங்க. ஆனா கச்சேரி முடிஞ்சதும் 20 நிமிஷம் அதே கம்பியில சாய்ஞ்சு நின்னுட்டு அப்புறம் கிளம்புங்க. போகும்போதே சிங்காரச் சென்னை அட்டையில பணம் இருக்கான்னு பார்த்து வைங்க. ராத்திரி கவுண்டர்ல நிக்கிற பேச்சே வேண்டாம்.

ஆப்ல வண்டி கூப்பிடுறதா இருந்தா மைதான வாசல்ல நின்னு கூப்பிடாதீங்க, டிரைவர் கேன்சல் பண்ணிடுவார். சிக்னல் தாண்டி வெங்கட்நாராயணா சாலைக்குள்ள கொஞ்ச தூரம் நடந்துட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

டூ வீலர்ல வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம். ஹெல்மெட்டை உள்ளே விடமாட்டாங்க, வண்டியோடேயே பூட்டுற கேபிள் கொண்டு வாங்க. டிசம்பர் மண்ணு ஊறியிருக்கும், சைடு ஸ்டாண்டு உள்ளே இறங்கி வண்டி சாயும், பக்கத்து வண்டி வரிசையும் சேர்ந்து சாயும். ஸ்டாண்டுக்கு அடியில தட்டையா ஒரு ஓடோ நசுக்கின பிளாஸ்டிக் பாட்டிலோ வைங்க.

மழைக்குக் குடை செல்லாது, விடவும் மாட்டாங்க, விட்டாலும் பின்னாடி நிக்கிறவங்க உங்களைச் சும்மா விடமாட்டாங்க. தலையோட மூடுற மழைக்கோட்டு, பழைய கேன்வாஸ் ஷூ. செருப்பு கூடவே கூடாது, சேத்துல ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் வீண். சாயங்காலக் கொசுவுக்கு ஓடோமாஸ்.

ரீல்டுரீல்:

ரெக்கார்டிங்குக்கு வர்றேன். முதல்ல சட்டம். 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 38-வது பிரிவு கலைஞருக்கு உரிமை தருது. 39-வது பிரிவு சொந்த உபயோகத்துக்கு எடுக்கிற பதிவை மீறலா எண்ணாது. ஆனா டிக்கெட் நிபந்தனையில ரெக்கார்டர், லென்ஸ் மாத்துற கேமரா கூடாதுன்னு போட்டிருந்தா வாசல்லேயே வாங்கி வச்சுடுவாங்க. முழுக் கச்சேரியையும் நெட்ல ஏத்துறது தனி விவகாரம், அதைச் செய்யாதீங்க.

ஃபோன் வீடியோவுல படம் நல்லா வந்து சத்தம் மட்டும் கரகரன்னு உடையுறதுக்குக் காரணம், கிக் டிரம் விழும்போதெல்லாம் மைக் நிரம்பி வழியுது. அப்போ ஃபோன் தானாவே அளவைக் கீழே இறக்கும், அடுத்த விநாடி ஏத்தும். அதனால பாட்டு மூச்சு வாங்குற மாதிரி கேட்கும். மைக் துளையில டேப் ஒட்டச் சொல்வாங்க. ஒட்டினா கூர்மையெல்லாம் போகும், பேஸ் உடையுறது போகாது. சப்பிலிருந்து தள்ளி நிக்கிறதுதான் முதல் மருந்து, கன்சோல் கம்பி அதுக்கும் சரியான இடம்.

செய்ய வேண்டியது: வீட்டுல கிடக்கிற பழைய ஃபோனை எடுங்க. அளவைக் கையால வைக்கிற ரெக்கார்டிங் ஆப் ஒண்ணு போடுங்க, தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். ஸ்டீரியோவா மணிக்கு 1 ஜிபி வரும், மூணு மணி நேரத்துக்கு 4 ஜிபி காலியா இருந்தாப் போதும். முதல் பாண்ட் வாசிக்கிறப்போ மீட்டரைப் பாருங்க, உச்சம் −12 டெசிபல்கிட்ட நிக்கணும் (0-வைத் தொட்டா உடையும்). நம்ம ஆளுங்க வரும்போது சவுண்ட்காரர் எப்படியும் ஏத்துவார், அதுக்குத்தான் அந்த இடைவெளி. ஏரோபிளேன் மோட்ல போட்டு, மைக் மேலே பார்க்க, சட்டைப் பையில விளிம்பு வெளியே தெரிய வைங்க. துணி உரசினா அந்தச் சரசரப்பை அப்புறம் எடுக்கவே முடியாது. மழைக்கோட்டு அதைவிட மோசம்.

படத்தை நல்ல ஃபோன்ல எடுங்க, முழுசா வேண்டாம். நாலு பாட்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நிமிஷம். 1080-ல 30 ஃபிரேம் நிமிஷத்துக்கு சுமார் 60 எம்பி, 4கே-ல 170. எல்இடி திரையில கோடு கோடா ஓடினா ஷட்டரை 1/50-ல வைங்க. பாடகர் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டுங்க, இல்லேன்னா மின்னல் மாதிரி வெட்டுற ஒவ்வொரு ஸ்ட்ரோப் விளக்குக்கும் படம் வெளுத்துக் கருக்கும். ஜூம் பண்ணாதீங்க. வீட்டுக்கு வந்து படத்தோட சத்தத்தை எடுத்துட்டு பழைய ஃபோன் சத்தத்தைப் பொருத்துங்க, ஸ்னேர் அடி ஒண்ணைப் பார்த்து ரெண்டையும் வரிசைப்படுத்தினாப் போதும். சத்தம் ஒரு விநாடியில சுமார் 346 மீட்டர் போகும், 30 மீட்டர் தூரத்துல நின்னா அடி விழுறதுக்கும் கேட்கிறதுக்கும் கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு விநாடி வித்தியாசம். அந்த அளவு நகர்த்திட்டா உதடும் குரலும் சேர்ந்துடும்.

ஒண்ணு மறந்தேன். டிக்கெட் கியூஆரை வீட்டு வைஃபைலேயே திறந்து ஆஃப்லைன்ல வச்சுக்கோங்க. சில ஆப்ல அது விநாடிக்கு விநாடி மாறும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அந்தக் கூட்டத்துல நெட்வொர்க் நகராது. யூபிஐயும் அதே கதிதான், 100 ரூபா தாளா 500, 600 கையில இருக்கட்டும்.

டபுள்பெடல்:

எல்லாரும் கம்பி கம்பின்னு பயமுறுத்துறீங்க. கடைசி கச்சேரியை மிக்ஸர் பக்கத்துல நின்னு ஆராய்ச்சி பண்ணவா வர்றாங்க? முன்னாடி போறவங்களுக்கும் யாராவது சொல்லணுமே, நான் சொல்றேன்.

ஃபேன் பிட் எடுத்தா நடுவுல போகாதீங்க, ஒருத்தரை ஒருத்தர் மோதி ஆடுற சுழல் அங்கேதான் திறக்கும். ரெண்டு ஓரத்துல, தடுப்பிலிருந்து மூணு நாலு வரிசை பின்னாடி நில்லுங்க. தடுப்போட ஒட்டி நின்னா பின்னாடி இருக்கிற மொத்தக் கூட்டத்தோட எடையும் உங்க விலா எலும்புலதான் முடியும். ஒரு சதுர மீட்டருக்கு அஞ்சு பேரைத் தாண்டினா கூட்டம் தண்ணி மாதிரி அலையடிக்க ஆரம்பிக்கும். உங்க கால் போற இடத்தை நீங்க முடிவு பண்ண முடியாது. அப்படி ஆச்சுன்னா ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வைங்க, மூச்சுக்கு இடம் வேணும். அலைக்கு எதிர்த்துத் தள்ளாதீங்க, ஒரு அலை தணிஞ்சதும் குறுக்கா ஓரத்துக்கு ரெண்டடி நகருங்க, மறுபடி அடுத்த தணிவுல ரெண்டடி. கீழே விழுந்த ஃபோனைக் குனிஞ்சு எடுக்கக் கூடாது. யாராவது விழுந்தா பாட்டு எதுவானாலும் சரி, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துங்க, பிட்டோட முதல் விதி அதுதான்.

ஆனா 12 வயசுப் பொண்ணோட பிட் வேண்டாம்ணே. இதுல எனக்கும் ஃபேடர்மேலேவுக்கும் சண்டை இல்லை.

ஆறுதந்தி:

வரைபடம் பார்த்தேன். கன்சோல், ஜெனரலோட முன் விளிம்புலேயே இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு பத்தடி இடம் விட்டுத்தான் ஃபேன் பிட்டோட பின் தடுப்பு. ஜெனரல் ரெண்டு எடுத்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

இன்னும் மூணு: நாலு மணியிலிருந்து பத்து வரைக்கும் தண்ணி, சாப்பாடு எப்படி? கூட்டத்துல பொண்ணு பிரிஞ்சா? அப்புறம் என்கிட்ட அவங்க பழைய கச்சேரி டிக்கெட்டெல்லாம் இருக்கு, எழுத்து மங்கிக்கிட்டே வருது. இதையும் சேர்த்து லேமினேட் பண்ணிடலாமா?

ரீல்டுரீல்:

லேமினேட் பண்ணாதீங்க! அந்த டிக்கெட்டெல்லாம் தெர்மல் தாள், சூட்டுலதான் எழுத்தே விழுது. லேமினேஷன் உருளைக்குள்ள போனா முழுத் தாளும் கருப்பாயிடும். முதல்ல 600 டிபிஐ-ல ஸ்கேன் எடுங்க. அப்புறம் பிவிசி இல்லாத பாலிப்ரொப்பிலீன் உறையில போட்டு வெளிச்சம் படாத இடத்துல வைங்க. பிவிசி கவரும் செலோ டேப்பும் எழுத்தைத் தின்னுடும். வாசல்ல கட்டிவிடுற மணிக்கட்டுத் துணிப் பட்டையைக் கத்திரிக்கும்போது பூட்டுக்குப் பக்கத்துல வெட்டுங்க, எழுத்து முழுசா நிக்கும்.

டி-ஷர்ட் வாங்கணும்னா உள்ளே போனதும் வாங்கிடுங்க. முடிஞ்சப்புறம் மீடியமும் லார்ஜும் இருக்காது. உள்பக்கம் வெளியே திருப்பித் துவைங்க, அச்சு மேல இஸ்திரிப் பெட்டியை வைக்காதீங்க.

கடைசிவண்டி:

சாப்பாடு: மூணு மணிக்கு வீட்டுலேயே வயிறு நிறைய. உள்ளே வரிசையில நின்னு ஒரு பாண்டை இழக்க வேண்டாம். தண்ணி பாட்டில் உள்ளே விடமாட்டாங்க, உள்ளே தண்ணி கிடைக்கிற இடம் எங்கேன்னு நுழைஞ்சதும் பார்த்துக்கோங்க. ஓஆர்எஸ் கொண்டு போனா பாக்கெட்ல எழுதின அளவுத் தண்ணியில முழுசாக் கரைங்க. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, அதை அரை லிட்டர் பாட்டில்ல கொட்டினா உப்பு கூடிப்போகும். கழிப்பறைக்குப் போற நேரம், ரெண்டாவது பாண்டோட கடைசிப் பாட்டு. அது முடிஞ்சதும் மைதானமே அங்கேதான் நிக்கும்.

பொண்ணு: அவ கைப்பட்டையோட உள்பக்கத்துல பால்பாயிண்ட் பேனாவால உங்க நம்பரை எழுதுங்க. "கேட்ல நில்லு"ன்னு சொல்லாதீங்க, முடியும்போது கேட்லதான் நெரிசல். முதலுதவிக் கூடாரம் எங்கேன்னு உள்ளே போனதும் ரெண்டு பேருமா நடந்து போய்ப் பார்த்துட்டு வாங்க. பிரிஞ்சா அங்கே வரணும், அவதான் வரணும், நீங்க தேடிக்கிட்டு அலையக் கூடாது. ரெண்டு பேரும் அலைஞ்சா சந்திக்கவே மாட்டீங்க.

ஃபேடர்மேலே:

வரைபடம் சரி. ஆனா மேடை கட்டுற அன்னைக்குக் கன்சோலை அஞ்சாறு அடி அப்படி இப்படி நகர்த்துவாங்க, அதனால உள்ளே போனதும் கூடாரத்தைக் கண்ணால பார்த்துட்டுப் போங்க. கூடாரத்தோட நடுவிலிருந்து ரெண்டு தப்படி இடது பக்கம் நில்லுங்க, நடுக்கோட்டு பேஸ் ஊதுறதும் குறையும், பொண்ணுக்கு ரெண்டு திரையில ஒண்ணாவது மறைக்காம தெரியும். அவளைத் தோள்ல தூக்காதீங்க, முட்டி இருக்கிற லட்சணத்துக்கு அது வேண்டாம், பின்னாடி சவுண்ட்காரருக்கும் மேடை மறையும், அவர் ஆளை அனுப்பி இறக்கச் சொல்வார்.

அந்த இடத்துக்கு ஒரே ஒரு குறை இருக்கு. மழை வந்தா கன்சோல் கூடாரத்துத் தார்ப்பாய்ல தண்ணி தேங்கும். சவுண்ட் பசங்க உள்ளேயிருந்து கம்பால தார்ப்பாயை மேலே தட்டி விடுவாங்க, அது அப்படியே முன்பக்கத் தடுப்பு மேலதான் கொட்டும். உள்ளே யாராவது கம்பை எடுக்கிறது தெரிஞ்சா பொண்ணைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டடி முன்னாடி வந்துடுங்க.